ஏழாம் வகுப்பில் அல்ஜீப்ரா: தாண்டலாமா, சுருக்கிப் படிக்கலாமா?

கேள்வி: கலிஃபோர்னியா பே ஏரியாவில் இருக்கிறோம். மகள் 6-ம் வகுப்பு. கணக்கில் எப்போதும் 'ஏ'தான். நான்கு வருடமாக மாலையில் ஒரு கணிதப் பயிற்சி மையத்துக்குப் போகிறாள். பின்னம், சமன்பாடு எல்லாம் கடகடவென்று போடுவாள். வாக்கியக் கணக்கு வந்தால் மட்டும் "இதுல கூட்டணுமா, பெருக்கணுமாம்மா?" என்று வந்து நிற்பாள். பள்ளியில் இரண்டு வழி சொல்கிறார்கள். ஒன்று, அடுத்த ஆண்டு 7, 8 இரண்டு வகுப்புக் கணக்கையும் சேர்த்துப் படித்து, 8-ல் அல்ஜீப்ரா 1. இன்னொன்று, மே மாதத் தேர்வில் தேறி, கோடையில் 6 வார ஆன்லைன் வகுப்பை முடித்துவிட்டு, 7-லேயே அல்ஜீப்ரா 1. அவள் தோழிகளில் மூன்று பேர் இரண்டாவது வழிக்குத் தயாராகிறார்கள். அவளும் போக வேண்டும் என்கிறாள். "நாமெல்லாம் ஊர்ல ஏழாங்கிளாஸ்லயே அல்ஜீப்ரா படிக்கலையா?" என்கிறார் கணவர். இப்போது விட்டால் பிறகு பிடிக்க முடியாது என்று எல்லோரும் சொல்வதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். 7, 8 சேர்த்த வகுப்பில் சேருங்கள். 6 வாரத் தாண்டல் இந்த ஆண்டு வேண்டாம்.

இப்படிச் சொல்லக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: "கூட்டணுமா, பெருக்கணுமா?" செய்முறை நன்றாகக் கைவந்துவிட்டது, எந்த இடத்தில் எந்தச் செய்முறை என்பது இன்னும் பிடிபடவில்லை என்று அந்தக் கேள்வி காட்டுகிறது. பதினொரு வயதில் இது சாதாரணம்தான், கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் அல்ஜீப்ரா 1 தொடங்குவதே அந்த இரண்டாவது இடத்திலிருந்துதான். பயிற்சி மையத் தாள்களில் ஒரு பக்கம் முழுக்க ஒரே வகைக் கணக்கு இருக்கும். பக்கத்தின் தலைப்பே வழியைச் சொல்லிவிடும். வேகம் வளர அது உதவும், வழியைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் அதில் வளராது.

உங்கள் கணவரின் வாதத்தை எடுத்துக்கொள்வோம். ஊரில் 7-ம் வகுப்பில் இயற்கணிதம் இருந்தது உண்மை. ஆனால் அது ஒரு பாடம், அல்லது இரண்டு பாடம். அதே புத்தகத்தில் வடிவியலும் அளவியலும் வணிகக் கணக்கும் இருந்தன. ஒவ்வோர் ஆண்டும் இயற்கணிதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டு போனது. அமெரிக்க அல்ஜீப்ரா 1 அப்படிப்பட்டதல்ல. ஆண்டு முழுக்க அது ஒன்றுதான்: நேரியல் சமன்பாடுகளும் அசமன்பாடுகளும், இரு மாறிச் சமன்பாட்டுத் தொகுப்புகள், சார்புகள், அடுக்குகள், பல்லுறுப்புக் கோவைகள், காரணிப்படுத்தல், இருபடிச் சமன்பாடு, அதற்கான சூத்திரம். சிபிஎஸ்இ-யில் இரு மாறி நேரியல் சமன்பாடு வருவது 9-ல், சமன்பாட்டு இணைகளும் இருபடிச் சமன்பாடும் வருவது 10-ல். ஆக 7-ல் அல்ஜீப்ரா 1 எடுக்கும் குழந்தை, நம் ஊர்க் கணக்கில் 8 முதல் 10 வரையிலான இயற்கணிதத்தின் பெரும்பகுதியை ஒரே ஆண்டில் படிக்கிறது. ஒப்பிட வேண்டுமானால் அதோடு ஒப்பிடுங்கள்.

இனி, தாண்டும்போது எது விடுபடுகிறது என்று பார்க்கலாம். கலிஃபோர்னியா 2010-ல் ஏற்ற, பல மாநிலங்களுக்குப் பொதுவான காமன் கோர் பாடத்திட்டப்படி, 7-ம் வகுப்பில்தான் குறை எண்களைக் கூட்டிக் கழித்துப் பெருக்கி வகுக்கிறார்கள். 6-ல் அவை எண்கோட்டில் அறிமுகமாவதோடு சரி. விகிதசமம், பல படிச் சதவீதக் கணக்கு, வட்டம், நிகழ்தகவு ஆகியவையும் 7-ல்தான். 8-ல் சாய்வு, நேர்கோட்டின் சமன்பாடு, சார்பு என்றால் என்ன, சமன்பாட்டுத் தொகுப்பு, அடுக்கு விதிகள், பிதாகரஸ் தேற்றம் வருகின்றன. முன்பு அல்ஜீப்ரா 1-ன் முற்பகுதியில் இருந்தவற்றில் பல இப்போது 8-ம் வகுப்புக்கு இறங்கியிருக்கின்றன. "எட்டாம் வகுப்புக் கணக்கு வெறும் மறுபார்வைதானே" என்று பழைய நினைவில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நேரத்தையும் கணக்குப் போடுங்கள். ஆண்டுக்கு சுமார் 180 பள்ளி நாள், நாளுக்கு 50 நிமிடம் என்றால் 150 மணி நேரம். இரண்டு வகுப்புக்கு 300. கோடையில் 6 வாரம், வாரம் 5 நாள், நாளுக்கு 3 மணி நேரம் என்றால் 90. கெட்டிக்காரக் குழந்தைக்கு 90 போதும் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் கற்றதை மறந்து, மூன்று மாதம் கழித்து வேறொரு கணக்கில் அதையே சந்தித்து, மறுபடி பிடித்துக்கொள்ளும் இடைவெளி அதில் கிடையாது. சாய்வு, விகிதசமம் போன்றவை அந்த இடைவெளியில்தான் ஊறுகின்றன.

பாடத்திட்டத்தோடு வெளியான பின்னிணைப்பே முன்னேற நினைக்கும் பள்ளிகளுக்கு ஒரு வழி சொல்கிறது: 7, 8, அல்ஜீப்ரா 1 என்ற மூன்று ஆண்டுப் பாடத்தை இரண்டு ஆண்டில் சுருக்குவது, எதையும் விடாமல். உங்கள் பள்ளியின் முதல் வழி அதுவேதான்.

"இப்போது விட்டால் பிடிக்க முடியாது" என்ற பயத்துக்கு வருகிறேன். இதுதான் பெற்றோரை அதிகம் ஓட வைக்கிறது, இதில்தான் உண்மை மிகக் குறைவு. முதல் வழியில் போனால் 8-ல் அல்ஜீப்ரா 1, 9-ல் ஜியோமெட்ரி, 10-ல் அல்ஜீப்ரா 2, 11-ல் ப்ரீகால்குலஸ், 12-ல் கால்குலஸ். இரண்டாவது வழியில் கால்குலஸ் 11-ல். வித்தியாசம் ஒரே ஓர் ஆண்டு. ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா 2 இரண்டுமே பெரும்பாலும் அல்ஜீப்ரா 1-ஐ நம்பி நிற்பவை, ஒன்றையொன்று அதிகம் நம்புவதில்லை. அதனால் பல உயர்நிலைப் பள்ளிகள் அவற்றை ஒரே ஆண்டில் சேர்த்தெடுக்க விடுகின்றன. உங்கள் மகள் 9-ல் அப்படி எடுத்தால் 10-ல் ப்ரீகால்குலஸ், 11-ல் கால்குலஸ். தாண்டிப் போன தோழிகள் நிற்கும் அதே இடம். விலை ஒரு விருப்பப் பாடம். அந்த முடிவை 11 வயதில் நீங்கள் எடுப்பதற்குப் பதிலாக 14 வயதில், அல்ஜீப்ரா 1 எப்படிப் போனது என்று பார்த்த பிறகு, அவளே எடுக்கலாம். உங்கள் உயர்நிலைப் பள்ளி இதை அனுமதிக்கிறதா என்று இப்போதே கேட்டு வையுங்கள். அனுமதித்தால் உங்கள் பயத்தில் பாதி போய்விடும்.

ஜியோமெட்ரியைக் கோடையில் ஆன்லைனில் முடிப்பதும் இங்கே பழக்கமாகி வருகிறது. நிறுவல் எழுதிப் பழகும் ஒரே பாடம் அது. கோடை வகுப்பில் முதலில் காணாமல் போவதும் நிறுவல்தான். அப்படிப் போவதென்றால் அந்த வகுப்புக்கு அங்கீகாரம் உண்டா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் சேர்க்கைக்கு ஜியோமெட்ரியைத் தனியாகக் கேட்கிறது. பிறகு கால்குலஸே முடித்தாலும் அந்த இடம் நிரம்பாது. அங்கீகாரம் இல்லாத வகுப்பில் முடித்துவிட்டு 12-ல் விழித்தால் சிரமம்.

அவள் உண்மையில் எங்கே நிற்கிறாள் என்று நீங்களே பார்க்கலாம். ஒரு ஞாயிறு காலை, 45 நிமிடம், கால்குலேட்டர் இல்லாமல், நீங்கள் பக்கத்தில் உட்காராமல் கீழே உள்ளவற்றைப் போடச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் வாயால் விளக்கச் சொல்லுங்கள். விடையைவிட விளக்கத்துக்குக் காது கொடுங்கள்.

முதல் கணக்கு. இரண்டரை கப் மாவு இருக்கிறது. ஒரு ரொட்டிக்கு முக்கால் கப். எத்தனை ரொட்டி? வகுத்தால் 3 1/3 வரும், அதை நொடியில் போட்டுவிடுவாள். அதன் பிறகு கேளுங்கள்: "மூன்று ரொட்டி போட்ட பிறகு மிச்சம் கால் கப் இருக்கு. ஆனா உன் விடையில மூணுல ஒரு பங்குன்னு இருக்கே, எப்படி?" அந்த 1/3 என்பது ஒரு ரொட்டியின் பங்கு, கப்பின் பங்கு அல்ல என்று சொன்னால் பின்னம் புரிந்திருக்கிறது. விழித்தால், தலைகீழாக்கிப் பெருக்கும் வித்தை மட்டும் தெரிந்திருக்கிறது. பிற்பாடு அல்ஜீப்ரா 2-ல் விகிதமுறு கோவைகளில் குழந்தைகள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 1/(3+2) என்பதை 1/3 + 1/2 என்று பிரித்து எழுதும் கை அங்கே வந்து மாட்டிக்கொள்ளும்.

இரண்டாவது. 20 சதவீதத் தள்ளுபடிக்குப் பிறகு ஒரு சட்டை 40 டாலர். பழைய விலை என்ன? விடை 50. 48 என்று வந்தால், 40-ல் 20 சதவீதம் எடுத்துக் கூட்டியிருக்கிறாள். எதன் சதவீதம் என்ற கேள்வியே அவள் மனதில் எழவில்லை.

மூன்றாவதைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். டாக்சியில் ஏறியதும் 3 டாலர், பிறகு மைலுக்கு 2 டாலர். 5 மைலுக்கு 13 டாலர் ஆகிறது. 10 மைலுக்கு எவ்வளவு? 23. 26 என்று சொன்னால், எது இரட்டித்தால் எது இரட்டிக்கும், எது இரட்டிக்காது என்பது இன்னும் பிரியவில்லை. 8-ம் வகுப்பின் சாய்வும் தொடக்க மதிப்பும் முழுக்க இந்தப் பிரிவினைதான். இது இல்லாமல் அல்ஜீப்ரா 1-க்குள் போகும் குழந்தை, நேர்கோட்டுச் சமன்பாட்டைச் சூத்திரமாக மனப்பாடம் செய்து இரண்டு மாதம் தாக்குப்பிடிக்கும்.

நான்காவது, ஓர் அட்டவணை. 2 போட்டால் 7 வருகிறது, 5 போட்டால் 16, 9 போட்டால் 28. 20 போட்டால் என்ன வரும்? விடை 61, மூன்றால் பெருக்கி ஒன்று கூட்ட வேண்டும். 2, 5, 9 என்று இடைவெளியைச் சீராக வைக்காதது வேண்டுமென்றேதான். சீராக வைத்தால் "மூணு மூணா ஏறுது" என்று கண் பார்த்தே சொல்லிவிடும்.

ஐந்தாவது, 10 − (3 − 8). விடை 15. ‘−1’ என்றால் அடைப்புக்குறிக்குள் இருக்கும் கழித்தல் குறியை அப்படியே வெளியே கொண்டுவந்திருக்கிறாள்.

ஆறாவதுக்கு மட்டும் தனியாக இன்னொரு நாள் 20 நிமிடம் கொடுங்கள். ஈரிலக்க எண் ஒன்றின் இலக்கங்களை இடம் மாற்றினால் அது 27 கூடுகிறது. அப்படி எத்தனை எண்கள்? 14, 25, 36, 47, 58, 69 என்று ஆறு. தேடிக் கண்டுபிடித்தாலே நல்லது. "இடம் மாற்றினா வர்ற வித்தியாசம் எப்பவும் 9-ன் மடங்காவே இருக்கே, ஏன்?" என்று கேட்டு, அவள் என்ன செய்கிறாள் என்று பாருங்கள். பத்தாமிடம் ஒன்றாமிடம் என்று பிரித்து வாதிட முயன்றால், விடை வராவிட்டாலும் பரவாயில்லை. மூன்று நிமிடத்தில் பென்சிலைக் கீழே வைத்து "எங்களுக்கு இது சொல்லித் தரலை" என்றால், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இவற்றில் நான்கு அல்லது ஐந்து சரியாக வந்தால் முதல் வழிக்கு அவள் தயார். ஆறும் வந்து, விளக்கமும் தெளிவாக இருந்து, பள்ளியிடம் கேட்டு வாங்கிய 7, 8-ம் வகுப்பு ஆண்டிறுதித் தேர்வுத் தாள்களை முன் தயாரிப்பு இல்லாமல் எழுதி இரண்டிலும் 85 சதவீதத்துக்கு மேல் எடுத்தால், நான் மேலே சொன்னதைத் தள்ளிவிட்டு இரண்டாவது வழியைப் பரிசீலியுங்கள். அப்படிப்பட்ட பிள்ளைகள் உண்டு. அவர்களைப் பிடித்து வைப்பதும் தவறுதான். பள்ளியின் மே மாதத் தேர்வு மட்டும் போதாது. அதற்கென்றே மாதிரித் தாள் போட்டுத் தயாராகும் குழந்தைகள் பலர். தேறுவது தயாரிப்பைக் காட்டும், புரிதலைக் காட்டும் என்று சொல்ல முடியாது.

இந்தப் பேச்சு வந்தால் ஆளுக்கொரு ஆய்வைக் காட்டுவார்கள். இரண்டு பக்கமும் நம்பத்தக்க சான்று இருக்கிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லி 1971-ல் தொடங்கிய ஆய்வு, கணிதத்தில் அபாரத் திறமை காட்டிய சிறுவர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தது. முன்னேறிப் படித்ததால் அவர்கள் மனநலம் பிற்காலத்தில் கெடவில்லை என்று 35 ஆண்டுத் தரவு காட்டியது. மறுபக்கம், வட கரோலினாவின் ஷார்லட்-மெக்லன்பர்க் பள்ளி மாவட்டம் 2002-03 வாக்கில் பெருவாரியான மாணவர்களை 8-ம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா 1-க்கு ஏற்றியது. ட்யூக் பல்கலைக்கழகப் பொருளியல் அறிஞர்கள் ஆராய்ந்தபோது, அப்படி ஏற்றப்பட்டவர்கள் அல்ஜீப்ரா தேர்வில் குறைவாக எடுத்திருந்தார்கள், ஜியோமெட்ரியிலும் அல்ஜீப்ரா 2-விலும் அவர்களுக்கு ஆதாயம் எதுவும் தெரியவில்லை. இரண்டுக்கும் முரண்பாடு இல்லை. முதல் ஆய்வின் பிள்ளைகள் 12, 13 வயதில், கல்லூரிச் சேர்க்கைக்கான 'சாட்' தேர்வு எழுதிப் பொறுக்கப்பட்டவர்கள். இரண்டாவதில் வந்தவர்கள் சராசரி மாணவர்கள். உங்கள் மகள் இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் எங்கோ இருக்கிறாள். அதனால்தான் அவளுக்கென்று தனியாகப் பார்க்கச் சொல்கிறேன்.

கல்லூரிச் சேர்க்கையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தோழிகளின் வீடுகளில் அதுதான் பேச்சாக இருக்கும். 7, 8-ல் எடுத்த அல்ஜீப்ரா, ஜியோமெட்ரி மதிப்பெண்கள் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) கணக்கில் வருவதில்லை. பாடத் தேவையில் மட்டும் அவை கணக்காகும். 11-ல் கால்குலஸ் முடித்தவர்கள் 12-ல் கணக்கு எடுக்காமல் விட்டால் விண்ணப்பத்தில் அது நன்றாக இருக்காது. பள்ளியில் அடுத்த பாடம் இல்லையென்றால் ஏ.பி. புள்ளியியல் (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடம்), இல்லையென்றால் சமுதாயக் கல்லூரியில் பன்மாறி கால்குலஸ். அங்கே வாங்கும் மதிப்பெண் கல்லூரிப் பதிவேட்டில் நிரந்தரமாக நிற்கும். 17 வயதில் அதற்கு ஆசையும் நேரமும் இருந்தால் அருமையான வாய்ப்பு. எம்.ஏ.ஏ. (மேத்தமேட்டிகல் அசோசியேஷன் ஆஃப் அமெரிக்கா) என்ற அமைப்பும் கணித ஆசிரியர்களின் தேசியக் கவுன்சிலும் 2012-ல் கூட்டாக ஓர் அறிக்கை விட்டன. பள்ளிக் கணிதத்தின் குறி 12-ம் வகுப்புக்குள் கால்குலஸைத் தொடுவதல்ல, கல்லூரிக் கணக்குக்கு வேண்டிய அடித்தளத்தை அமைப்பதே என்பது அதன் சாரம். கல்லூரி கால்குலஸில் போகும் மதிப்பெண்ணில் பெரும்பங்கு கால்குலஸ் தெரியாததால் போவதில்லை. பின்னமும் குறியும் அடுக்கும் தடுமாறுவதால் போகிறது.

மாலை வகுப்பை என்ன செய்வது? என்னைக் கேட்டால், நிறுத்துங்கள். அல்லது பாதியாகக் குறையுங்கள். வேகம் போதுமான அளவு வந்துவிட்டது. அந்த நேரத்தைத் தலைப்பு சொல்லாத கணக்குகளுக்குக் கொடுங்கள். ஏ.எம்.சி. 8 என்ற நடுநிலைப் பள்ளிக் கணிதப் போட்டியின் பழைய தாள்கள் இணையத்தில் இலவசம்: 25 கேள்வி, 40 நிமிடம், தவறுக்கு மதிப்பெண் குறைவதில்லை. தொடக்கத்தில் கடிகாரத்தை எடுத்துவிட்டு, நாளுக்கு மூன்று கேள்வி போதும், 11 முதல் 20 வரையிலானவற்றிலிருந்து. முதல் பத்து அவளுக்கு எளிது, கடைசி ஐந்து இப்போதைக்கு எரிச்சல் தரும். பள்ளியில் மேத்கவுன்ட்ஸ் என்ற கணிதப் போட்டிக்கான குழு இருந்தால் சேர்த்துவிடுங்கள். 6 முதல் 8-ம் வகுப்பு வரைதான் அதில் கலந்துகொள்ள முடியும், 9-க்குப் போய்விட்டால் கதவு மூடிவிடும். ஆல்க்யூமஸ் என்ற இலவசத் தளம் கணக்கின் கடினத்தைக் குழந்தைக்கேற்ப ஏற்றி இறக்கும். எண்ணுதல், நிகழ்தகவு, எண் கோட்பாடு ஆகிய மூன்றுக்கும் பள்ளிப் பாடத்தில் இடம் குறைவு. அவற்றை எவ்வளவு ஆழமாகப் படித்தாலும் அடுத்த ஆண்டு வகுப்பில் "இதெல்லாம் எனக்குத் தெரியும்" என்ற சலிப்பு வராது.

வாக்கியக் கணக்கில் அவள் வந்து நின்றால் வழியைச் சொல்லாதீர்கள். மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள்: என்ன தெரியும், என்ன வேண்டும், விடை தோராயமாகப் பெரிதாக இருக்குமா சிறிதாக இருக்குமா. படம் வரையச் சொல்லுங்கள். எண்களைச் சிறியதாக்கி முதலில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் மாதம் மெதுவாகவும் கண்ணீரோடும்கூடப் போகலாம். பாய்ந்து விடை சொல்லியே பாராட்டு வாங்கிய பிள்ளைக்கு மெதுவாக யோசிப்பது தோல்வியாகத் தெரியும்.

தோழிகளோடு போக வேண்டும் என்ற அவள் ஆசையைச் சின்ன விஷயமாக ஒதுக்கிவிடாதீர்கள். நடுநிலைப் பள்ளியில் யார் எந்தக் கணக்கு வகுப்பு என்பது ஒரு சாதிப் படிக்கட்டு மாதிரி ஆகிவிடுகிறது. அவளிடம் "உனக்கு முடியாது" என்ற பொருள் வராமல் பேசுங்கள். 9-ம் வகுப்பில் இரட்டைப் பாடம் எடுக்கும் வழியைக் காகிதத்தில் வரைந்து காட்டுங்கள். 11-ல் எல்லோரும் ஒரே வகுப்பில் உட்கார முடியும் என்று கண்ணால் பார்த்தால் பாதி வருத்தம் குறையும். மீதிக்கு, மேத்கவுன்ட்ஸ் குழுவில் அந்தத் தோழிகள் இருந்தால் நல்லது.

பள்ளி ஆலோசகருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். இவற்றைக் கேளுங்கள்: சேர்த்த வகுப்பில் 7, 8 இரண்டின் பாடமும் முழுதாக வருகிறதா, எந்தப் பகுதியாவது விடப்படுகிறதா? தொடங்கிய பின் சரிவராவிட்டால் எத்தனை வாரத்துக்குள் வகுப்பு மாறலாம்? 7-ல் அல்ஜீப்ரா எடுக்கும் குழந்தைகளுக்கு 8-ல் ஜியோமெட்ரி எங்கே நடக்கிறது: அதே கட்டடத்திலா, உயர்நிலைப் பள்ளிக்குக் காலையில் போக வேண்டுமா, கணினி முன்னாலா? 9-ல் ஜியோமெட்ரியும் அல்ஜீப்ரா 2-வும் சேர்த்தெடுக்கலாமா? 9-ம் வகுப்புக் கணக்கு வகுப்பை எப்படி முடிவு செய்கிறார்கள்? கலிஃபோர்னியாவின் 2015-ம் ஆண்டுக் கணித வகுப்புச் சேர்க்கைச் சட்டப்படி, அந்த முடிவுக்கு எழுத்துப்பூர்வமான கொள்கை இருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகோல்களைப் பார்க்க வேண்டும். பள்ளி தொடங்கிய முதல் மாதத்துக்குள் வகுப்பு பொருந்துகிறதா என்று மறுபடி சோதிக்க வேண்டும். பெற்றோர் ஆட்சேபிக்க வழி இருக்க வேண்டும். அந்தக் கொள்கையின் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மே மாதத் தேர்வை அவள் விரும்பினால் எழுதட்டும். தேறினாலும் முதல் வழியிலேயே சேரலாமா என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். தேர்வுக்கு முன்பே எழுத்தில் பதில் கிடைத்தால், முடிவு வந்த அன்று வீட்டில் வாக்குவாதம் இருக்காது.